பத்து ஆம்பியர்

குடியாத்தத்தில் பண்டல் ஏற்றிக்கொண்டு
லத்தேரி வரும்வரை வெளிச்சம் இருந்தது.
முன்விளக்கைப் போட்டேன்.
சாலை தெரிந்தது, மீட்டர் தெரியவில்லை.
முள் எங்கோ இருட்டில்
தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

நாற்பதில் இடப்பக்கக் கண்ணாடி அதிரும்.
அறுபதில் கியர்த் தண்டு பல்லைக் கடிக்கும்.
காட்பாடி வரை காதால்தான் ஓட்டினேன்.
பெட்ரோலுக்கு மட்டும் சத்தம் கிடையாது.
பாலத்தின்மேல் ஒரு லாரி உரசினாற்போல வந்து
கிளீனர் தலையை நீட்டிக் கத்தினான்:
"பின்னாடி ஒரு லைட்டும் இல்ல,
இன்னாம்மா, சாவறதுக்கா போற?"

தொண்ணூற்றேழாம் வருஷத்து மாருதி.
ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள்.
சத்துவாச்சாரி இம்தியாஸ் மீட்டரையே பிடுங்கி
மூன்று பல்பு மாற்றினான்,
புது ஃப்யூஸ் போட்டான்,
இரண்டு நாள் எரிந்தது.
பாகாயத்தில் ஒருவர்,
முப்பது ஆம்பியர் போடுங்க, போகவே போகாது என்றார்.
போகாதுதான். வயர் போகும்.
பங்கில் காற்றடிக்கிற பையன்
சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுருட்டி
ஃப்யூஸ் இடத்தில் செருகவே போய்விட்டான்.
பின்சீட்டைப் பார்க்கச் சொன்னேன்.
பன்னிரண்டு பண்டல்,
பண்டலுக்கு அறுநூறு தீப்பெட்டி.
தாளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
டயர் நாலுக்கும் சரியாகக் காற்றடித்தான்.

நாத்தனார் வசுமதியும் நானும் பேசி நாலு நாள்.
பேரணாம்பட்டுக் கடை பாக்கியை
எழுத மறந்தது யார் என்று தொடங்கி
என் கல்யாணத்துப் பந்தியில் அவளுக்கு
இலை போடாதது வரைக்கும் போயிருந்தது.
கணக்கு நோட்டைக் கொண்டுவந்து விரித்தாள்,
பேனாவைக் குறுக்கே வைத்தாள், போய்விட்டாள்.

ஃப்யூஸ், ஐந்து ரூபாய். திங்கள்.
ஃப்யூஸ், ஐந்து ரூபாய். வியாழன்.
ஃப்யூஸ் (மறுபடியும்). திங்கள்.

சரக்கு ஏற்றும் நாட்கள்.
பின்கதவைத் தூக்கும் நாட்கள்.

பத்து மணிக்குத் தெருவில் கரண்ட் போனது, வசதியாக.
ஃப்யூஸ் இருந்த பொந்தில்
இரண்டு வயர் முறுக்கிய இண்டிகேட்டர் பல்பைச் செருகினேன்.
பளீரென்று எரிந்தால்
எங்கோ தோலுரிந்த வயர் தகரத்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது.
மங்கினால் விட்டுவிட்டது.
எரிவது கெடுதல், மங்குவது நல்லது:
இதைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டியிருந்தது,
பின்கதவைப் பிடித்து நின்றவளிடம்.

"எரியுதா?"
"எரியுது."
கதவை ஒரு சாண் இறக்கினாள்.
"இப்போ?"
"எரியுது."
"இப்போ?"
"எரியுது, இன்னும் கொஞ்சம்."
நாலு நாளில் இவ்வளவு பேசியதே இல்லை.
"இப்போ இன்னா?"

மடியில் கிடந்த பல்பு சுருங்கியது.
எதிரே, கரண்ட் திரும்பி வழி கண்டதுபோல,
எண்கள் ஒவ்வொன்றாய்,
இருபது, நாற்பது, அறுபது,
துருப்பிடித்த ஆரஞ்சில் எழுந்து வந்தன.
"அப்பிடியே பிடி," என்றேன், "அசையாத."
அசையவில்லை. கை நடுங்கியிருக்கும்,
கதவு அவள் எடையில் பாதி.

கீலுக்குள் நுழைகிற ரப்பர் குழாய்.
கீறிப் பார்த்தோம். நம்பர் பிளேட் விளக்குக்குப் போகிற
ஒற்றைச் சிவப்பு வயர்,
இருபத்தாறு வருஷமாய்த் திறந்து மூடி
ஒரு நெல் நீளத்துக்குத் தோல் இல்லை.
செம்பு மினுங்கியது, புதுசு மாதிரி.
விளக்கு போனது முன்னால், புண் இருந்தது பின்னால்.
டேப்பைச் சுற்றியவள் அவள்தான்,
என் விரல் தடிமன்.

பல்பை எடுத்துவிட்டு ஃப்யூஸைப் போட்டேன்.
எல்லாம் பளிச்சென்று தெரிந்தது,
பெட்ரோல் முள் கீழ்க்கோட்டில் படுத்திருப்பது உட்பட.

மெழுகுவத்தி வெளிச்சத்தில் அவள் எழுதினாள்:
டேப், பத்து ரூபாய்.
நோட்டை மூடாமலே சொன்னாள்:
"பேரணாம்பட்டு பாக்கிய
வியாழக்கிழம நீயே போயி கேளு.
நான் எழுதித்தான் வெச்சேன்."